பேசாதவர்களுக்கு ஒரு சாம்பல் வட்டம்

என் தங்கச்சியை முதன்முதலாகப் பெண் பார்த்தது ஒரு போன் திரையில். மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார், அப்பா பார்த்தார், தாய்மாமா பார்த்தார், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பாதிப்பேர் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் குளறுபடிக்கு நான்தான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். நான் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் மென்பொருள். அதை நிரூபித்தும் காட்டினேன்.

தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. அதனால் அவளை அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் சீக்கிரமே திருந்திவிடுவார்கள். விடுதியில் தங்கிப் படித்த பள்ளிக்கூடத்தில் சைகை மொழி கற்றாள். இப்போது அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயக் காம்பரா வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். அளவு எடுக்கும்போது யாராவது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினால், ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். வந்தவர் தானாக மூச்சை விட்டுவிடுவார். கை பேச ஆரம்பித்தால் அவளோடு மல்லுக்கட்ட முடியாது. சண்டையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான், நம் பக்க நியாயம் எதுவும் உள்ளே போகாது.

நான் ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில் பாடம் நடத்துகிறேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவேன். இதைத் தவிர, சம்பளம் இல்லாமல் ஒரு வேலை செய்கிறேன். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு. அதை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். பல நாடுகளில் இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்வது. எனக்கு நிரல் எழுதுவது அவ்வளவாக வராது. எனக்கு வருவது வேறு. ஒருவர் அந்த மென்பொருளைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே முழிக்கிறார், எதைத் தொடப்போய் எதைத் தொடுகிறார் என்று பார்த்து எழுதி அனுப்புவது. பயன்பாட்டுச் சோதனை என்பார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் அதை விளக்கும் விதமே தனி.

"மத்தவங்க போன நோண்டுறத பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அதுக்குச் சம்பளமும் கெடையாது. படிக்க வச்சேன் பாருங்க."

தங்கச்சிக்கு அந்த வருசம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை. அவருடைய அப்பா அம்மா பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் வாய் என்று சொல்ல வேண்டுமானால் அது தாய்மாமாதான். நானுஓயாவில் மரக்கறி வியாபாரம். லொறிக்காரர்களோடு கத்திக் கத்தியே பழகிய குரல். அவர் போனில் பேசினால் போன் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் நல்ல மனிதர். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மாவிடம் முதல் நாளே "தங்கச்சி" என்று உரிமையோடு கூப்பிட்டவர்.

போட்டோ வந்தது. எல்லோருக்கும் பிடித்தது. தங்கச்சியும் வெகு நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையால் சொன்னாள்.

"போட்டோவுல எல்லாரும் நல்லவங்கதான். அவரு கை எப்புடிப் பேசுதுன்னு பாக்கணும். பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நமக்குக் குரல் எப்படியோ அவளுக்குக் கை அப்படி. ஒருவர் அடுத்தவரை முடிக்க விடுகிறாரா, குறுக்கே வெட்டுகிறாரா, வார்த்தையைப் பாதியில் சோம்பேறித்தனமாக விட்டுவிடுகிறாரா, விரலை நீட்டி நீட்டி அதிகாரம் பண்ணுகிறாரா என்பதெல்லாம் கையில் தெரிந்துவிடுமாம். கூடப் படித்த ஒருத்திக்கு வாய்த்த புருசன் ஒற்றை விரலாலேயே குடும்பம் நடத்துகிறான் என்று சொல்லி, அந்த விரலை அப்படியே நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. குறுஞ்செய்தியில் பேசிப் பாரேன் என்றேன். அதை அவர் எழுதினாரா, மாமா சொல்லி எழுதினாரா என்று யாருக்குத் தெரியும் என்றாள். அதுவும் நியாயம்தான். அந்த மாமா சொல்லக்கூடியவர்தான்.

நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றால், அந்த மாதம் மழை கொட்டித் தீர்த்து மண் சரிந்திருந்தது. ரயில் ஓடவில்லை, பாதையும் பல இடங்களில் மூடியிருந்தது. அதோடு, எங்கள் லயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பேச்சு அடங்க அடுத்த தீபாவளி ஆகும். அதனால் முதலில் வீடியோவில் பார்ப்பது என்று முடிவானது. எந்த மென்பொருளில் என்பதை நான் முடிவு செய்தேன். நான் சோதனை செய்து கொடுக்கும் அதே கட்டற்ற மென்பொருள். கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம், இணைப்பைத் தொட்டால் போதும், பூண்டுலோயாவும் நானுஓயாவும் கொழும்பும் அக்கரப்பத்தனையும் ஒரே திரையில் வந்துவிடும். குளறுபடிக்கு நான்தான் காரணம் என்று அம்மா சொல்வது இதை வைத்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் முன் சன்னல் ஒன்றுதான், உள் அறையில் ஏதோ கொஞ்சம் வரும். அம்மாவின் போனைச் சன்னல் கம்பியில் ரப்பர் பட்டி போட்டுக் கட்டினேன். அதன் முன்னால் அம்மா, பக்கத்துக் காம்பராப் பெரியம்மா, அவர்களுக்குப் பின்னால் சும்மா வந்தவர்கள். தங்கச்சிக்கு என்னுடைய போனைக் கொடுத்து, உள் அறையில் தையல் மெஷின் மேசைமேல் நிறுத்தி வைத்தேன். கைகள் முழுதாகத் தெரிய வேண்டும், பின்னால் கூட்டம் இருக்கக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு. அவளே தைத்த மயில் கழுத்து நிற ரவிக்கை, மெல்லிய சரிகை போட்ட சேலை. முகத்தில் அவ்வளவு ஆசை. கேட்டால் இல்லை என்பாள்.

எங்கள் ஆட்களுக்கு வீடியோவில் சும்மா இருக்கத் தெரியாது. சும்மா இருந்தால் அது மரியாதைக் குறைவு. வந்த ஒவ்வொருவரும் "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா, சாப்புட்டீங்களா, அங்கயும் மழையா" என்று விசாரித்தாக வேண்டும். விசாரிக்கப்பட்டவர் பதில் சொல்லி அதே கேள்விகளைத் திருப்பிக் கேட்டாக வேண்டும். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று எல்லோரும் கத்தியாக வேண்டும்.

மென்பொருளோ சத்தத்தைக் கேட்டு நடக்கும். யார் பேசுகிறாரோ அவரைத் திரையில் பெரிதாக்கும். ஒருவருடைய சிக்னல் பலவீனமாக இருந்தால்கூட, டேட்டாவை மிச்சம் பிடிக்க, பேசாமல் இருப்பவர்களின் படத்தை நிறுத்திவிடும். அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிற வட்டமும் பெயரின் முதல் எழுத்தும் நிற்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நடந்தது என்னவென்றால், திரை முழுக்க மாமா. மாமாவின் மீசை. மாமா போனை முகத்துக்குக் கீழே பிடித்திருந்ததால் மாமாவின் மூக்குத் துவாரங்கள். மாமா இருமினால்கூட அவரையே காட்டியது. தங்கச்சியின் திரையில் மாப்பிள்ளை ஒரு சாம்பல் வட்டம். கொழும்பில் மாப்பிள்ளையின் திரையில் தங்கச்சி ஒரு சாம்பல் வட்டம். இரண்டு பேரும் அங்கே கையால் வணக்கம் சொல்லிக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். கைக்குச் சத்தம் கிடையாதே.

நான் முன் அறைக்கும் உள் அறைக்கும் ஓடி ஓடி என்னென்னவோ செய்து பார்த்தேன். பெரியவர்களிடம் மைக்கை அணைக்கச் சொன்னால், "எதுக்கு அணைக்கணும், நாங்க என்ன தப்பாப் பேசிட்டோம்" என்றார்கள். தங்கச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். மாமா மறுபடியும் இருமினார். அவள் கையை ஓங்கித் தையல் மேசையில் ஒரு போடு போட்டாள்.

அந்தச் சத்தம் மென்பொருளுக்குக் கேட்டது. பேசுகிறாள் என்று நினைத்து அவளை எல்லோருடைய திரையிலும் பெரிதாக்கிக் காட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மேசைமேல் கை முஷ்டியை வைத்துக்கொண்டு, போனை முறைத்தபடி என் தங்கச்சி. மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குப் பார்த்தது அந்த ஒரு முகத்தைத்தான். மறுபடி அவளுடைய படம் வட்டமானபோது அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"நான் மாமாவையா கட்டிக்கப் போறேன்?" என்று கையால் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

மாமா சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேச முயற்சி செய்தார் பாவம்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு ரொம்பக் கோவக்காரியா இருக்கும்போல. எங்க அக்கா பயந்துட்டாங்க. பையனும் அந்த ஒரு மொறைப்பத் தவிர ஒண்ணும் தெரியலன்னு சொல்றான். ரோடு தெறக்குறதுக்கு முன்ன இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் இப்புடித்தான்னா, நாங்க வேற எடம் பாக்குறதுதான் மொறை."

அம்மா அழுதுவிட்டார். தங்கச்சி அசையவில்லை. கை பார்க்காமல் சரி சொல்வதில்லை என்பதில் உறுதியாக இருந்தாள். ஆனால் அந்த மயில் கழுத்து ரவிக்கையை அவள் மடித்து வைத்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

அன்றே அந்த மென்பொருளின் குறைகளைப் பதிவு செய்யும் பக்கத்தில் எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது, மரியாதையாகத்தான் வந்தது. இது குறையல்ல, இப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம், ஒருவரின் சின்னப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் அவரை மட்டும் திரையில் பெரிதாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வழி இருக்கிறது என்பது சரி. அந்த வழியை யாராவது தானாகக் கண்டுபிடித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததில்லை என்றார்கள். அப்படியானால் நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ரொட்டியும் சாயத்தண்ணி என்கிற வெறும் தேநீரும் தருவதாக அம்மா சொன்னதால் கூட்டம் தாராளமாக வந்தது. சோதனை செய்வதற்கென்று சில விதிகள் உண்டு. ஆளைத் தனியாக உட்கார வைக்க வேண்டும். ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். நாம் உதவக் கூடாது. இந்த விதிகளை எழுதியவர்கள் லயத்தில் குடியிருந்திருக்க மாட்டார்கள். எங்கள் லயத்தில் தனியாக ஒரு மனுசியை உட்கார வைப்பதற்கு, முதலில் லயத்தையே காலி செய்ய வேண்டும்.

வேலை இதுதான். தங்கச்சி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு போனோடு நிற்பாள். லயத்தில் இன்னும் சில போன்களில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசாமல் நிற்கும் தங்கச்சியைத் திரையில் பெரிதாகக் கொண்டுவர வேண்டும். முதலில் பெரியம்மாவிடம் போனைக் கொடுத்தேன். நான் பார்ப்பது உங்களை அல்ல, மென்பொருளைத்தான், குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

"நல்லா இருக்கு புள்ள" என்றார் பெரியம்மா. அவர் இன்னும் திரையைத் தொடவே இல்லை.

"இன்னும் தொடலையே பெரியம்மா."

"தொட்டுத்தான் பாக்கணுமா? நீ கஷ்டப்பட்டு செஞ்சது நல்லா இல்லாம போவுமா?"

"நான் செய்யலங்க. வேற யாரோ செஞ்சது."

"யாரு செஞ்சா என்ன? பாவம், நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

இப்படியே ஒவ்வொருவரும். சாப்பிட்ட வீட்டில் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. தனியாகக் கேட்டால் பாராட்டு மட்டுமே கிடைக்கும். அப்போதுதான் யோசனை வந்தது. அம்மாவும் பெரியம்மாவும் மலையில் வருசக் கணக்காகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள். ஒருவர் செய்வதை மற்றவர் திருத்தாமல் ஒரு நாளும் போனதில்லை. இரண்டு பேரையும் ஒரே போனின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உண்மை அடுத்த நிமிடமே வர ஆரம்பித்தது.

"அங்க தொடு. அந்தச் சின்னப் படத்த."

"தொட்டுட்டேன். ஒண்ணும் ஆவல."

"வெரல வச்சா தொட்டதா? நகத்தால தொடு."

"நகத்தால தொட்டா அதுக்கு எப்புடித் தெரியும்?"

கொழுந்து எடுத்து எடுத்துத் தோல் காய்த்த விரல் நுனியைத் திரை பல சமயம் உணர்வதே இல்லை. உணர்ந்தாலும், அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது என்பது அவர்களுக்குத் தோன்றாத காரியம். அவர்களின் கை தொட்டதும் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும் கை. நான் கடைசியில் பொறுக்க முடியாமல், அழுத்திப் பிடியுங்கள் என்று சொன்னபோது, "அமுக்கிக்கிட்டே இருந்தா ஒடைஞ்சிராதா? ஒன் போனா இருந்தா நீ அமுக்கு" என்று பெரியம்மா என்னையே கடிந்துகொண்டார். அது என் போன்தான்.

அதற்குள் அவர் திரையின் அடியில் ஒரு கைப் படத்தைக் கண்டுபிடித்துத் தட்டிவிட்டார். பேச அனுமதி கேட்டுக் கை தூக்குவதற்கான குறி அது. பெரியம்மா அதை வணக்கம் சொல்லும் கை என்று எடுத்துக்கொண்டார். போனில் யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமே. ஆனால் வைத்த வணக்கம் இறங்கவில்லை.

"எறக்குங்க, எறக்குங்க" என்றார் அம்மா.

"எறங்க மாட்டேங்குதே. எவ்வளவு நேரம்தான் கும்புட்டுக்கிட்டே இருக்கிறது?"

பீலிக்கரையிலிருந்து தங்கச்சி தன் பங்குக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். யார் திரையிலும் அவள் இல்லை. கடைசியில் பெரியம்மா அவருக்குத் தெரிந்த வழியைக் கையாண்டார். "எல்லாரும் வாய மூடுங்க, புள்ள பேசணும்" என்று ஒரு அதட்டல் போட்டார். லயமே அடங்கியது. மென்பொருள் அதட்டல் கேட்ட திசையைப் பார்த்து, பெரியம்மாவையே பெரிதாக்கிக் காட்டியது. அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து சாயத்தண்ணி குடிக்க வேண்டியதாகிவிட்டது.

எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு அதைப் பதிவு செய்திருந்தேன். முகங்களை மறைத்து, கீழே ஆங்கிலத்தில் வரிகள் போட்டு அனுப்பினேன். பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரிலிருந்து, திரையின் தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் பதில் எழுதினார். முதல் தடவை பார்த்தபோது சிரித்தாராம். இரண்டாம் தடவை பீலிக்கரையில் கையை ஆட்டிக்கொண்டு நின்றவளை மட்டும் பார்த்தாராம். உங்கள் தங்கைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்தப் பெண்ணை ஒரு நாள் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு ரொட்டி கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

தங்கச்சியிடம் கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"என்னைய மத்தவங்க தேடிப் புடிக்கக் கூடாது. நான் கையால பேசுறவன்னு நானே சொல்லிட்டு உள்ள வரணும். அதுக்கு அப்புறம் என் படம் நின்னு போகக் கூடாது."

சொல்வது சுலபம். மென்பொருளைச் செய்கிறவர்களில் ஒருவர் டேட்டா அதிகம் போகும் என்றார். போகட்டும், பேசுகிறவர்களின் குரலுக்குப் போகவில்லையா என்று நான் எழுதினேன். இன்னொருவர் ஒரு கைப் படத்தைக் குறியாக வைக்கலாம் என்றார். தங்கச்சி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பெரியம்மா அதிலும் வணக்கம் வைப்பார் என்றாள். இரண்டு கை போட்டார்கள். அதைப் பார்த்து அம்மா கோயில் சம்பந்தப்பட்டதா என்று கேட்டார். கடைசியில் படமே வேண்டாம் என்று முடிவாயிற்று. உள்ளே நுழைவதற்கு முன், இன்னும் யாரும் கத்த ஆரம்பிக்காத இடத்தில், ஒரு கட்டமும் அதன் பக்கத்தில் 'நான் கைகளால் பேசுவேன்' என்ற வார்த்தைகளும். கட்டத்தைத் தொட்டுவிட்டு வருகிறவர்களின் படம் எல்லோருடைய திரையிலும் நின்றுபோகாமல், பெரிதாகவே இருக்கும். பெரியம்மாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும், "அப்ப இது நம்ம சின்னவளுக்குத்தான்" என்றார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

சோதனைக்கென்று அவர்கள் தனியாக வைத்திருந்த தளத்தில் அதை எங்களுக்காகத் திறந்துவிட்டார்கள். மாமாவைக் கூப்பிட்டு, கட்டத்தைத் தொட்டுவிட்டு வரும்படி மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுபடியும் ஒரு ஞாயிறு. சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தேயிலையை மறைத்திருந்தது. தங்கச்சி இந்தத் தடவை அந்த மயில் கழுத்து ரவிக்கையைப் போடவில்லை. நன்றாகத் துவைத்த சாதாரண உடுப்பு. கைகளை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டாள். கட்டத்தைத் தொட்டு உள்ளே போனாள். நான் அவளுக்குப் பக்கத்தில், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

திரை திறந்தது. மாமா. முழு அளவில் மாமா.

முன் அறைக்கு ஓடி, அம்மாவின் போன் வழியாகக் கேட்டேன், "மாமா, நீங்க அந்தக் கட்டத்தத் தொட்டீங்களா?"

"ஆமாம்மா. நானும் கைய ஆட்டித்தானே பேசுவேன்."

உண்மைதான். அவர் பேசும்போது பக்கத்தில் நிற்பவர்கள் விலகி நிற்பது வழக்கம். வாசகத்தில் இன்னும் திருத்தம் வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு, வெளியே போய், கட்டத்தைத் தொடாமல் மறுபடி வரும்படி கெஞ்சினேன். கொஞ்சம் மனத்தாங்கலோடு போனார். நான் உள் அறைக்குத் திரும்பி வந்தபோது, மாமா இருந்த இடத்தில் ஒரு இளைஞர் இருந்தார். பின்னால் காகிதக் கட்டுகள். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. தங்கச்சி அவரைப் பார்த்தாள். அவர் தங்கச்சியைப் பார்த்தார். முன் அறையில் நலம் விசாரிப்புகள் ஆரம்பமாகிவிட்டன. மாமா இருமினார். படம் அசையவில்லை.

அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். எனக்கே விளங்கியது.

"அந்த மேசை ஒடைஞ்சிருச்சா?"

தங்கச்சி சிரித்துவிட்டாள். தோள் குலுங்கச் சிரித்தாள். மேசையைத் தட்டிக் காட்டி, உடையவில்லை, அடுத்தது வேறொருவர் தலை என்றாள். அவர் தன் தலையைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் அவள் என்னவோ கேட்டாள், அவர் பதில் சொல்வதற்குள் இன்னொன்று கேட்டாள், அவர் கையை உயர்த்தி இரு, நான் முடிக்கவில்லை என்றார், அவள் இருந்தாள். பிறகு இரண்டு பேரும் வேகம் பிடித்தார்கள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் தங்கச்சியின் கை அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. விரல்கள் ஒரு சொல்லை முடிக்கும்போதே அடுத்தது ஆரம்பமாகிவிடும். தோளும் கண்ணும் கன்னமும் சேர்ந்து பேசின. இத்தனை வருசமாக வீட்டில் நான் பார்த்தது அவளுடைய பேச்சே இல்லை. எங்களுக்கு விளங்க வேண்டுமே என்று அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல எங்களிடம் பேசியிருக்கிறாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, முன்பின் தெரியாத அந்த ஒல்லிப் பையன்மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முன் அறையில் நலம் விசாரிப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மாமாவின் குரல் வந்தது.

"என்ன தங்கச்சி, ரெண்டு பேரும் கைய ஆட்டிக்கிட்டே இருக்காங்க. பொண்ணு என்ன சொல்லுது? முடிவு என்னன்னு கேளுங்க."

அம்மா எழுந்து உள் அறை வாசலுக்கு வந்தார். என் பக்கத்தில் நின்று மகளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சன்னலுக்குத் திரும்பிப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றார். "அவங்க பேசிக்கிட்டு இருக்காங்க."

மாமா வாயை மூடினார். பெரியம்மாவும் மூடினார். லயத்துக் கூட்டம் முழுக்க, ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்காமலே, அப்படியே உட்கார்ந்திருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காததுபோல வெளியே பார்த்தார்.

ஒருவழியாகத் தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கியது. எனக்கு விளங்கும்படி கைகளை மெதுவாக்கிக்கொண்டு சொன்னாள்.

"ரொம்பப் பேசுறாரு. சரின்னு சொல்லிரு."